‘அன்று’ என்றால் ஐந்து காசு

எதற்கெடுத்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம். ஒரு காரியத்துக்கு ஐந்து காசு. பத்துக் காரியத்தை மறுத்தால் ஐம்பது. பக்கத்தில் நின்று ஒத்து ஊதியவர்களுக்கும் தண்டம் உண்டு.

இந்த விதி மானூரில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நெல்லைக்காரர்களுக்கு மானூர் என்றால் ஆவணி மூலம்தான். கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரவில்லை என்று கருவூர்ச் சித்தர் கோபித்துக்கொண்டு போய்விட, நெல்லையப்பரே அவரைத் தேடி மானூருக்குப் போனார் என்பது கதை. ஆண்டுதோறும் அந்தத் திருவிழா நடக்கிறது. சாமியைப் பார்க்க வருகிற கூட்டத்தில் கல்வெட்டைப் பார்க்கிறவர்கள் குறைவு. சிற்றாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர் இது. அந்தச் சிற்றாறு சீவலப்பேரிக்குப் போய்த் தாமிரபரணியில் கலக்கிறது. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், கல்வெட்டறிஞர்களின் கணிப்பில் ஏறத்தாழ கி.பி. 800இல், மானநிலைநல்லூர் என்ற பெயரோடு இருந்த இந்தப் பிரமதேயத்தின் மகாசபை, பறையறைந்து ஆள் கூட்டி உட்கார்ந்தது. உட்கார்ந்து, தன்னுடைய விதிகளையே திருத்திக்கொண்டது.

உத்திரமேரூரை எல்லோருக்கும் தெரியும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது, குடவோலை என்றதும் பானைக்குள் கைவிடும் சிறுவனின் படம் நினைவுக்கு வரும். பராந்தகச் சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர் அதற்கும் நூறாண்டு முந்தியது. ஆனால் அதற்குப் படம் போட்டவர் இல்லை. எங்கள் பக்கத்துச் சரக்கு என்றால் கொஞ்சம் அமுக்கமாகத்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. குடவோலை என்பது குலுக்கல். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர் உறுப்பினர். அங்கே ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. மானூர் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. சபையில் உட்கார்ந்த பிறகு ஒருவன் ‘வேண்டாம்’ என்றால் என்ன செய்வது? அந்த ‘வேண்டாமு’க்கு எவ்வளவு கனம் கொடுப்பது?

கல்லில் இருக்கும் மற்ற விதிகளையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் பங்கு உள்ளவர்களின் பிள்ளைகளில், ஒழுக்கம் உள்ளவராகவும் வேதத்தில் குறிப்பிட்ட பகுதியும் ஒரு தர்ம சாத்திரமும் கற்றவராகவும் இருக்கிற ஒருவர் மட்டுமே அந்தப் பங்குக்காகச் சபையில் உட்காரலாம். விலைக்கு வாங்கிய பங்கு, தானமாக வந்த பங்கு, சீதனமாக வந்த பங்கு எதுவானாலும் படிப்பு இல்லாமல் சபை இல்லை. இனிமேல் கால், அரை, முக்கால் என்று உரிமையைத் துண்டு போட்டுக்கொண்டு வந்து உட்காரவும் கூடாது. முழு உரிமை இல்லாதவர் எந்த வாரியத்திலும் இருக்க முடியாது. பங்கு இல்லாதவருக்கும் பெண்ணுக்கும் வயலில் இறங்கி நாற்று நட்டவருக்கும் இங்கே இடம் கிடையாது. ‘ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி’ என்று மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள்.

ஆனாலும் எனக்கு அந்த ஐந்து காசு விதி மேல் ஒரு மயக்கம். எதிர்ப்பே கூடாது என்று அது சொல்லவில்லை. எல்லாவற்றையும் எதிர்ப்பதைத்தான் தடுக்கிறது. தண்டம் கட்டிய பிறகும் அந்த ஆள் சபையிலேயே இருக்கிறார். அதே விதிகளுக்கு அவரும் கட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். அதாவது, ஒரு மறுப்புக்கு இவ்வளவு என்று அந்த ஊர் விலை வைத்தது.

இப்போதும் ஒவ்வொரு அரசியல் சட்டமும் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு ஒரு கனத்தை வைத்திருக்கிறது. விலைச்சீட்டு வெளியே தொங்காது, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். இந்திய அரசியல் சட்டத்தைத் திருத்தும் வழி 368ஆம் பிரிவில் இருக்கிறது. மசோதாவை மக்களவையிலோ மாநிலங்களவையிலோதான் கொண்டுவர முடியும். ஒவ்வொரு அவையிலும் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும். வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். மாநிலங்களின் அதிகாரத்தைத் தொடும் சில பிரிவுகளுக்கு மட்டும், பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஒப்ப வேண்டும் என்ற மூன்றாவது தடை உண்டு. 28 மாநிலங்களில் 14 போதும்.

மூன்றில் இரண்டு என்பதைச் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரு ‘இல்லை’யைச் சரிக்கட்ட இரண்டு ‘ஆம்’ வேண்டும். தராசின் ஒரு தட்டில் ஒரு கிலோ கல்லும் இன்னொன்றில் இரண்டு கிலோ கல்லும் வைக்கிற மாதிரி. எதிர்த்து வாக்களிக்கிறவருக்கு அரசியல் சட்டம் இரட்டைப் பலம் கொடுத்திருக்கிறது. மானூர் தண்டம் போட்டது. டெல்லி போனஸ் கொடுக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. உட்கார்ந்து பொத்தானை அமுக்க வேண்டும். எழுந்து வெளியே போய்விட்டால் ‘வந்திருந்து வாக்களித்தவர்’ என்ற கணக்கிலிருந்தே அந்த ஆள் கழிந்துவிடுகிறார். இரட்டைப் பலமும் அவரோடு வெளியே போய்விடுகிறது. மொத்த உறுப்பினர் கணக்கில் மட்டும் அவர் இல்லாதது கொஞ்சம் உறுத்தும். 2016 ஆகஸ்ட் 3 அன்று ஜிஎஸ்டிக்கான திருத்த மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. தமிழ்நாட்டின் வரி உரிமை போகிறது என்று கடுமையாகப் பேசிய அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். ஆதரவு 203, எதிர்ப்பு பூஜ்யம் என்று முடிவு வந்தது. அவர்கள் உள்ளேயே இருந்து எதிர்த்திருந்தாலும் மசோதா நின்றிருக்காது. 203 ஆதரவை முறிக்க 102 எதிர்ப்பு வேண்டும். இருந்தாலும், பிற்காலத்தில் பதிவேட்டைப் புரட்டுகிறவன் கண்ணில் படப்போவது அந்தப் பூஜ்யம்தான். வெளிநடப்பு நம் சட்டமன்றத்தில் பழகிப்போன கலை. மூன்றில் இரண்டு கேட்கும் இடத்தில் அது கையில் இருக்கும் எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம்.

1989இல் இதே எடைக்கல் வேறு விதமாக வேலை செய்தது. பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் தரும் 64ஆவது திருத்த மசோதாவை ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்தது. மக்களவையில் சுலபமாக நிறைவேறியது. மாநிலங்களவையில், விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகள் குறைந்து விழுந்தது. அங்கே எதிர்த்தவர்கள் எழுந்து போகவில்லை.

இவ்வளவு கணக்கிலும் வாக்காளர் எங்கே வருகிறார்? எங்கேயும் வரவில்லை. 1950இலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் நடந்துவிட்டன, ஒன்றுக்குக்கூட ஒரு வாக்காளரிடமும் நேரே கேட்டதில்லை. முதல் திருத்தத்தின் கதை இன்னும் விசித்திரம். மெட்ராஸ் மாகாணத்து வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, சென்னையில் கொந்தளிப்பு, அதைச் சரிசெய்யும் பிரிவையும் உள்ளடக்கி 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. முதல் பொதுத் தேர்தல் தொடங்கியது அதற்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில். ஆக, வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்று எழுதிய சட்டம், அந்த வாக்கு ஒருமுறைகூடப் பதிவாகும் முன்பே திருத்தப்பட்டுவிட்டது.

அரசியல் நிர்ணய சபையிலேயே பெரும்பாலோரை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதில் எங்கள் பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பேட்டையில் 1896இல் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில். ஆட்சிமொழி விவாதத்தில், பழமைதான் அளவுகோல் என்றால் தமிழ் ஏன் கூடாது என்று வாதாடினார். சிறுபான்மையினருக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று, பெரும்பாலோர் அதைக் கைவிட்ட பிறகும் எழுந்து நின்று கேட்டார். இரண்டிலும் தோற்றார். இரண்டாவதில் அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்பது வேறு விவாதம். தோற்றவர் சொன்ன காரணம் ஒவ்வொரு வரியாக அந்த விவாதத் தொகுதிகளில் அச்சாகி இருக்கிறது.

மாநிலம் மட்டும் என்ன, அதுவும் கேட்கத்தான் முடியும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்த அரசியல் சட்டம் உண்டு. இந்தியாவில் ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 1957இலிருந்து 2019 வரை இருந்தது, அதைத் திருத்துவதும் சட்டமன்றத்தின் வேலைதானே தவிர வாக்காளரின் வேலை அல்ல. தமிழ்நாட்டுக்கு ஒரு விஷயம் அரசியல் சட்டத்தில் ஏற வேண்டும் என்றால், தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயரே அப்படி வந்ததுதான். அந்தப் பெயர் கேட்டுச் சங்கரலிங்கனார் 1956இல் விருதுநகரில் உண்ணாவிரதமிருந்து உயிரை விட்டார். சட்டமன்றம் 1967 ஜூலையில் தீர்மானம் போட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1969 ஜனவரி 14 அன்று ‘தமிழ்நாடு’ ஆனது. இதில் வேடிக்கை, மாநிலத்தின் பெயரை மாற்ற அந்த மூன்றில் இரண்டு தேவையே இல்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும், அது ‘திருத்தம்’ என்ற கணக்கிலேயே வராது. 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கோ முழுக் கணக்கும் தேவைப்பட்டது. சட்டமன்றம் இயற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்பினார், பிறகு 1994இல் 76ஆவது திருத்தம் அதை ஒன்பதாம் அட்டவணையில் கொண்டுபோய் வைத்தது.

வாக்காளரிடம் நேரே கேட்கும் ஊர்கள் எப்படி இருக்கின்றன? அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 49இல், மாநில அரசியல் சட்டத்தில் ஒரு சொல்லை மாற்றவும் வாக்காளர் ஒப்ப வேண்டும். விதிவிலக்கு டெலாவேர் மட்டும். அங்கே அடுத்தடுத்த இரண்டு சட்டமன்றங்கள் மூன்றில் இரண்டு ஆதரவோடு நிறைவேற்றினால் முடிந்தது. இந்த ஒரு விஷயத்தில் டெலாவேரும் நாமும் ஒரே கட்சி.

மற்ற இடங்களில் முன்மொழிவது பெரும்பாலும் சட்டமன்றம். பதினேழு பதினெட்டு மாநிலங்களில் குடிமக்களே கையெழுத்துத் திரட்டி முன்மொழியலாம். 1902இல் ஒரிகன் இந்த வழியைத் திறந்தது. கலிபோர்னியாவில், கடைசி ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீதம் கையெழுத்து வேண்டும். 2022 தேர்தலின்படி அது 8,74,641. சூப்பர் மார்க்கெட் வாசலில் அட்டையோடு நின்று கையெழுத்து வாங்கக் கூலிக்கு ஆள் பிடிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. மக்கள் எழுச்சி என்பதற்கும் அங்கே ரேட் உண்டு.

ஒப்புதலுக்கான அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் பாதிக்கு மேல் ஒன்று போதும். அங்கே ஒரு ‘இல்லை’யின் கனம் ஒரு ‘ஆம்’. புளோரிடா 2006இல் அதை 60 சதவீதமாக உயர்த்தியது. ஒரு ‘இல்லை’க்கு ஒன்றரை ‘ஆம்’. நியூ ஹாம்ப்ஷயரில் மூன்றில் இரண்டு, ஒன்றுக்கு இரண்டு. கனம் குறைவாக இருக்கும் இடத்தில் சட்டம் வீங்கிவிடுகிறது. அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 900க்கும் மேற்பட்ட திருத்தங்கள் ஏறின. ஏதோ ஒரு கவுன்டியில் பிங்கோ விளையாடலாமா என்பதுகூட அரசியல் சட்டத் திருத்தமாகி வாக்குச்சீட்டுக்கு வந்தது. நம் ஊரில் சீட்டாட்ட மன்றத்துக்கு அனுமதி கொடுக்க 368ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

மிசிசிப்பியில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குடிமக்கள் முன்மொழிவுக்கு வாங்கும் கையெழுத்துகளில், எந்த ஒரு நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அந்த மாநிலம் விதி எழுதியிருந்தது. ஒரே பகுதி ஆதிக்கம் செலுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணம். எழுதியபோது மாநிலத்தில் ஐந்து தொகுதிகள்: ஐந்து இருபது நூறு. 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு தொகுதிகள் நான்காகக் குறைந்தன: நாலு இருபது எண்பது. மீதி இருபதை யார் கொடுப்பது? பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த குழந்தைக்கும் புரிகிற இந்த விஷயம் பல ஆண்டுகள் திருத்தப்படாமலே கிடந்தது. 2020 நவம்பரில் மருத்துவத்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கும் திருத்தத்தை வாக்காளர்கள் பெருவாரியாக ஒப்பினார்கள். 2021 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. கூடவே குடிமக்கள் முன்மொழியும் வழியே அடைபட்டுப் போனது. மக்கள் திரும்பத் திறக்கலாமே என்றால், திறப்பதற்கான சாவி சட்டமன்றத்தின் கையில்தான் இருக்கிறது.

வாசலில் நின்று ‘இல்லை’ சொல்வதைவிட வீட்டில் கிடப்பது கனமாக இருக்கும் இடங்களும் உண்டு. இத்தாலியில் ஒரு சட்டத்தை ரத்து செய்ய மக்கள் வாக்கெடுப்பு நடத்தினால், வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் வந்தால்தான் அது செல்லும். எதிர்க்கிறவர் வந்து ‘இல்லை’ போட்டால் எதிராளியின் தலைக்கணக்கைத்தான் கூட்டுகிறார். 1991இல் பெத்தினோ கிராக்ஸி என்ற தலைவர், பேசாமல் கடற்கரைக்குப் போங்கள் என்று மக்களுக்கு யோசனை சொன்னார். மக்கள் கேட்கவில்லை; 60 சதவீதத்துக்கும் மேல் வந்து, அவர் வேண்டாம் என்றதை நிறைவேற்றிவிட்டுப் போனார்கள்.

இந்தியாவிலும் அந்த ஆபத்து எட்டிப் பார்த்திருக்கிறது. நெருக்கடி நிலை முடிந்ததும் 1978இல் ஜனதா அரசு ஒரு மசோதா கொண்டுவந்தது. அடிப்படை உரிமைகள், சுதந்திரமான தேர்தல், நீதித்துறையின் சுதந்திரம் போன்றவற்றைக் குலைக்கும் திருத்தம் வந்தால் மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்காளர்களில் 51 சதவீதமாவது வந்து வாக்களித்திருக்க வேண்டும். மக்களவை ஒப்பியது. காங்கிரஸ் பலமாக இருந்த மாநிலங்களவை அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. மீதி, 44ஆவது திருத்தமாக வந்தது. இந்திய வாக்காளர் தன் அரசியல் சட்டத்தின் மேல் கைவைக்க மிக அருகில் வந்தது அந்த ஒரு முறைதான்.

தமிழர்கள் நேரடியாக வாக்களித்த இடம் இலங்கை. 1982 டிசம்பர் 22. நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு ஆண்டு நீட்டலாமா என்று ஜெயவர்த்தனா அரசு மக்களிடம் கேட்டது. ‘ஆம்’ என்றால் விளக்கு, ‘இல்லை’ என்றால் குடம். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்த பத்துப் பேரில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். நாடு முழுவதும் கூட்டியபோது விளக்குக்கு 54.66 சதவீதம். குடம் நிறைந்தும் கவிழ்ந்தது. ஆஸ்திரேலியாவிலோ, மொத்த வாக்கில் பெரும்பான்மை கிடைத்தாலும் ஆறு மாநிலங்களில் நான்காவது தனித்தனியாக ஒப்ப வேண்டும். அங்கே கேட்ட 45 கேள்விகளில் 8தான் தேறின. அப்படி ஓர் இரண்டாவது தராசு இலங்கையில் இருந்திருந்தால் என்று யோசிக்கிறபோது, அடுத்த ஆண்டுதான் 1983 இனக்கலவரம் என்பது நினைவுக்கு வந்து தொண்டையை அடைக்கிறது.

புதுச்சேரியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்ததையும் வாக்கெடுப்பு என்றே சொல்கிறோம். வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள். இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. பிரெஞ்சு இந்தியாவின் சாமானியன் சீட்டைத் தொடவில்லை.

சாமானியன் நேரே கைதூக்குகிற ஓர் இடம் நமக்கும் இருக்கிறது. 1989இல் விழுந்த மசோதா உருமாறித் திரும்பி வந்தது. 73ஆவது திருத்தம் 1992 டிசம்பரில் இரண்டு அவையிலும் நிறைவேறி, 17 மாநிலங்கள் ஒப்பி, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக இருபது ஆண்டு முன்பு, 1973இல் அதே ஏப்ரல் 24 அன்றுதான், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் தொட முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் 7க்கு 6 என்று பிரிந்து தீர்ப்புச் சொன்னார்கள். யாரும் நாள் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. அந்த 73ஆவது திருத்தம் தந்ததுதான் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பங்கு வேண்டாம், வேதம் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே 1 அன்று, ஆற்றங்கரையோரத்து ஊராட்சி ஒன்றின் கிராம சபையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாமியானா, வாடகை நாற்காலி, ஒரு கேன் தண்ணீர். முதலில் கையெழுத்து நோட்டு சுற்றி வந்தது. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். கையெழுத்துப் போட்ட பலர் நோட்டைக் கொடுத்த கையோடு எழுந்து போனார்கள். செல்லுபடியாக ஆள் இருக்கிறது, கைதூக்க ஆள் இல்லை. இத்தாலிக்காரனுக்குக்கூடத் தோன்றாத யோசனை இது.

ஐந்தாவதோ ஆறாவதோ பொருள், குளத்து மீன்பாசிக் குத்தகை. கிளார்க் வாசித்துவிட்டு, “நிறைவேத்திரலாம்லா?” என்று நிமிராமலே கேட்டார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நூறு நாள் வேலைப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி எழுந்தாள்.

“வேண்டாம் தம்பி. போன தடவ குத்தகக்காரன் மீன் பிடிக்கணும்னு மடையத் தொறந்து விட்டுட்டான். பிசானம் அறுத்து முடிக்கல, குளம் காஞ்சு கெடந்துச்சு. மாட்டுக்குத் தண்ணி எங்க போவேன்?”

“ஆச்சி, வருமானம் பஞ்சாயத்துக்குத்தான வருது.”

“வரட்டும். நான் வேண்டாம்ங்கேன்.”

கிளார்க் தலையாட்டிவிட்டு எழுதினார். பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று முடித்திருந்தார். கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. எல்லாத் தீர்மானமும் அப்படித்தான் முடியும், கை பழகிவிட்டது.

இந்த ‘வேண்டாம்’ எங்கே போகும் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின, 12உம் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. மதுரை அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024இல் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நியம்கிரியின் ‘இல்லை’க்கு நீதிமன்றம் கனம் கொடுத்தது. அரிட்டாபட்டியின் ‘இல்லை’க்குக் கனம் தெருவில் இறங்கிய கூட்டத்திலிருந்து வந்தது; தீர்மானத் தாள் மட்டும் போயிருந்தால் ஒரு கோப்பில் படுத்திருக்கும்.

‘வேண்டாம்’ என்றதோடு காரணத்தையும் எழுதிவைத்த ஊர்களும் உண்டு. அரசியல் சட்டத்தை வாக்காளர் முன்னால் வைத்து ஒப்புதல் கேட்ட முதல் அமெரிக்க மாநிலம் மாசசூசெட்ஸ். 1778இல் கொண்டுவந்த வரைவை மக்கள் தள்ளிவிட்டார்கள். 1780இல் இரண்டாவது வரைவு ஊர்க்கூட்டங்களுக்குப் போனது. ஊர்கள் வெறுமனே ஆம், இல்லை என்று எண்ணி அனுப்பவில்லை. பிரிவு பிரிவாக வாசித்து, எது வேண்டாம், ஏன் வேண்டாம் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பின. மூன்றில் இரண்டு தேறியதா என்று கூட்டிப் பார்க்க உட்கார்ந்தவர்கள் இந்தக் காரணக் குவியலுக்குள் திணறிப் போனார்கள். அந்தக் காகிதங்கள் இன்னமும் இருக்கின்றன. ஆளுநர் கிறித்தவராக இருக்க வேண்டுமா, மதத்துக்கு வரி எதற்கு என்று தோற்றுப்போன ஊர்க்காரர்கள் வாதாடியதை வாசிக்கலாம்.

வேப்பமரத்தடியில் அன்றைக்குக் கூட்டம் கலையத் தொடங்கியது. சமோசாவும் டீயும் வந்தாயிற்று. ஆச்சி டீயை வாங்கவில்லை. மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

“தம்பி, நான் சொன்னத எழுதிட்டியா?”

“எழுதியாச்சு ஆச்சி.”

“எனக்குப் படிக்கத் தெரியாது. வாசி, கேப்போம்.”

கிளார்க் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைத் திரும்பக் கழற்றி, அந்தத் தீர்மானத்துக்குக் கீழே இருந்த ஒற்றை வரி இடைவெளியில் நுணுக்கி நுணுக்கி எழுத ஆரம்பித்தார். ஆச்சி அவர் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.